ஊதியூரில் நிற்கும் வண்டி

டயரை எதுக்குத் தம்பி உதைக்கிறீங்க? வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் டயரைத்தான் உதைக்கிறார்கள். மாடு வாங்க வருகிறவன் வாலை முறுக்கிப் பார்ப்பது போல. அதில் ஒன்றும் தெரியாது. நான் இந்தக் கையால் எத்தனை வால் முறுக்கியிருப்பேன், எனக்கே ஒன்றும் தெரிந்ததில்லை. வாங்குகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று விற்கிறவன் பயப்படட்டும் என்று செய்கிற வேலை அது. என்னிடம் வேண்டாம். நானே பானட்டைத் திறந்து காட்டுகிறேன், இப்படி நிழலுக்கு வாங்க.

விலை அப்புறம். முதலில் இந்த வண்டி நின்ற கதையைக் கேட்டுவிடுங்க. குறையைச் சொல்லி விற்கிற புரோக்கரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீங்க. நானும் பார்த்ததில்லை. இன்றைக்கு நான் சொல்கிறேன்.

என் பேர் சென்னியப்பன். இந்தக் காங்கயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாதிப் பேர் திட்டிவிட்டுச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை. மாட்டுச் சந்தையில் கயிறு பிடித்தேன், தரகு பார்த்தேன், அப்புறம் பழைய காருக்கு மாறினேன். மாட்டுக்குப் பல்லைப் பார்க்கணும், காருக்குப் புகையைப் பார்க்கணும், மற்றதெல்லாம் ஒன்றுதான். வாயைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்தவன் ஜெயிப்பான். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கு அடியில் விரலை அழுத்திச் சொல்வது; எதிராளி விரலைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி இருக்கணும். அவன் முதலில் விரலை அழுத்தினால் அவன் போச்சு. நான் ஒரு தடவைகூட முதலில் அழுத்தியதில்லை.

எத்தனையோ வண்டி கை மாற்றிவிட்டேன், இந்த அம்பாசிடரை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். ருக்மணிக்குப் பிடித்துப்போனது. ருக்மணி என் சம்சாரம். பின்சீட்டில் சாய்ந்தால் வீட்டில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு பொருளைப் பற்றி அவ்வளவு நீளமாக வந்தது அது ஒன்றுதான்.

அவளுக்கு ஒரு தம்பி. தெய்வசிகாமணி. தாராபுரம் தாண்டி உடுமலை ரோட்டில் கரட்டுப்பாளையத்தில் தோட்டம். அம்மா இல்லாத பையனை இவள்தான் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் கல்யாணத்துக்கு அப்புறமும் அவன்தான் அவளுக்குக் குழந்தை. நல்ல பையன்தான். சிரித்துக்கொண்டே இருப்பான். சிரித்துக்கொண்டே இருக்கிறவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம், தொழில் அப்படி.

அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும் என்றான். கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

அந்தச் சமயத்தில்தான் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. எப்போதும் ஊற்றுகிற அளவு ஊற்றினால் எப்போதும் போகிற தூரம் போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. என்ஜின் ஆயில் மட்டும் குறையவே இல்லை. அந்த அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பேன், கோட்டுக்கு மேலேயே நிற்கும். என் வண்டி ஆயில் குடிக்காது என்று சந்தையெல்லாம் பெருமை பேசினேன். அப்படியென்றால் பெட்ரோல் எங்கே போகிறது? வண்டியை எடுக்கிற கை இரண்டே கை. ஒன்று என் கை.

கேட்டேன். நேராகத்தான் கேட்டேன், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ருக்மணி இரண்டாவது தடவை குழம்பு ஊற்றுகிறாள்.

"ஏன் மாப்ள, பெட்ரோலை டியூப்பு உட்டு உறிஞ்சி எங்க விக்கறே? நல்ல விலை வருதா?" என்றேன்.

முதலில் சிரித்தான், நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவன் சிரிப்பு நின்றது.

"மாமா, நான் வர்றப்பவெல்லாம் எங்காசுல ஊத்திப்போட்டுத்தானுங்க வண்டிய உடறேன்" என்றான்.

"அப்ப இன்னும் மோசமில்ல? நீ ஊத்துனதையும் சேத்தி எடுக்கறே" என்றேன்.

சாப்பாட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். பாதிச் சோறு அப்படியே. அக்காளிடம் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. ருக்மணி அந்தத் தட்டை எடுக்காமல் நெடுநேரம் குழம்புக் கரண்டியோடு நின்றாள். நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

மறுநாளே லேத்துப் பட்டறைக்குப் போய் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று கடையச் சொன்னேன். பழைய மூடியில் ஊசி போகிற அளவு ஓட்டை ஒன்று இருந்தது. இது எதற்கு என்று லேத்துக்காரனைக் கேட்டேன், கம்பெனியிலேயே இப்படித்தானுங்க வருது என்றான். அதையும் சேர்த்து அடைத்துவிடு, காற்றுக்கூட நுழையக் கூடாது என்றேன். அப்படியே கடைந்து கொடுத்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். அதை ருக்மணி பார்த்தாள். நாத்தனாராகப் போய் அந்தப் பிள்ளைக்குப் பிரசவ ஒத்தாசை பார்க்கணும் என்றாள், பெட்டியை எடுத்துக்கொண்டாள். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்றேன். பஸ்ஸே போதுமுங்க என்றாள்.

குழந்தை பிறந்தது. பெயர் வைத்தார்கள். தொட்டில் போட்டார்கள். இவள் வரவில்லை.

யாராவது கேட்டால் பிரசவ ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வேன். குழந்தை தவழுகிற வரைக்கும் அதையேதான் சொன்னேன்.

இப்போதுதான் வண்டி நின்ற கதைக்கு வருகிறேன். அவளைக் கூட்டிவரலாம் என்று கிளம்பினேன் தம்பி. வேட்டி சட்டை மாற்றி, குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு. தாராபுரம் ரோட்டில் ஊதியூர் மலை பக்கத்தில் வருகிறது பாருங்க, அதுவரைக்கும் ஊருக்குள் நிற்காமல் ஓடின வண்டி அங்கே போனதும் இருமியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முக்குகிறது, இழுவை இல்லை. அப்படியே ஓரங்கட்டி நின்றுவிட்டது. பானட்டைத் திறந்து ஒரு பீடி குடித்து முடித்தேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்புகிறது. என்ன செய்வது? இப்படிப்பட்ட வண்டியில் மேலே போகக் கூடாது என்று திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்ன கேட்கிறீங்க? ஆமாம், கிளம்பியதே, அப்படியே கரட்டுப்பாளையம் போயிருக்கலாமே என்கிறீங்க. போய், அவர்கள் வாசலில் நின்றுபோனால்? மச்சினன் வீட்டு ஆட்கள் என் வண்டியைத் தள்ளணுமா?

சாதிக் பாயிடம் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். எனக்கும் அவருக்கும் சண்டை இல்லாத நாள் கிடையாது, ஆனாலும் வேறு ஆளிடம் நான் வண்டியை விடுவதில்லை. பெட்ரோல் பம்பைக் கழற்றினார். உள்ளே ஒரு தோல் மாதிரி இருக்கும், டயாப்ரம் என்பார்கள், அது கிழிந்திருந்தது. அப்புறம் ஆயில் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். பெட்ரோல் வாடை.

"இந்தக் கிழிசல் வழியா உங்க பெட்ரோலு ரொம்ப நாளா ஆயில்ல எறங்கிக்கிட்டு இருக்குது. ஆயில் கொறையவே இல்லைன்னு ஊரெல்லாஞ் சொன்னீங்களே, எப்படிக் கொறையும்? நல்லவேளை, என்ஜினு போகாம இருந்துச்சு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தத் தம்பியைப் போயிச் சொல்லிப்போட்டீங்களே" என்றார்.

"பம்பை மாத்து. உன்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்புடல" என்றேன்.

நான் நினைத்ததை அவரிடம் எதற்குச் சொல்லணும்? நேரில் போய் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேரில்தான் சொல்லணும். பம்பு மாற்றிய வண்டியில், ஆயில் மாற்றிய வண்டியில் கிளம்பினேன். ஊதியூரில் நின்றது.

அதே இடம் தம்பி. புளியமரத்தடி. எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி வந்து சாதிக் பாய் பட்டறை வாசலில் நின்று நான் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. மனிதர் கார்புரேட்டரை அக்கக்காகக் கழற்றினார். ஜெட்டை ஊதினார். உள்ளே மிதக்கிற ஃப்ளோட்டை வெந்நீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஊசி வால்வை மாற்றினார். பில்டரை மாற்றினார். டேங்கிலிருந்து வருகிற குழாயை வாயை வைத்து ஊதினார். எல்லாம் சுத்தம். கிளம்பினேன். ஊதியூரில் நின்றது.

இதற்கு நடுவில் அவளிடமிருந்து ஒரு சொல் வந்தது. அந்தப் பக்கம் போய்வருகிற பால் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "அவருக்கு ஏதாவது சொல்லோணும்னு இருந்தா வந்து சொல்லச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

இப்போது என் இடத்தில் இருந்து பாருங்க. விரலை அழுத்தியது யார்? அவள். கொஞ்சம் பொறுத்தால் இன்னும் இறங்கி வருவாள் என்றுதானே எந்தத் தரகனும் நினைப்பான்? அதனால் வண்டி சரியாகட்டும், நிதானமாகப் போகலாம் என்று இருந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று சாதிக் பாயும் கேட்டார். பஸ்ஸில் போய் இறங்கி, ஊர் பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து அந்தத் தோட்டத்துக்குப் போனால் அதற்குப் பெயர் என்ன? எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்படிப் போகிறவன் என்ன விலை சொன்னாலும் எடுபடாது, அது மட்டும் தெரியும்.

அப்புறம் சாதிக் பாய் ஒரு வேலை செய்தார். ஆஸ்பத்திரிக் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் பெட்ரோலை ஊற்றி, பானட்டுக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, டியூப்பை நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். டேங்கு இல்லை, பம்பு இல்லை. பாட்டிலிலிருந்து நேராக. "இதுல ஓடுச்சுன்னா கோளாறு பின்னால இருக்குது, ஓடலைன்னா முன்னால இருக்குது" என்றார். கேனில் மிச்சப் பெட்ரோலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பினோம்.

ஊதியூர் வந்தது. போனது. வண்டி நிற்கவில்லை. தாராபுரம் போனது. அமராவதிப் பாலத்தில் ஏறும்போது பாட்டில் காலியாகிற மாதிரி இருந்தது. நிறுத்தினோம்.

"ஊத்திக்கறேன். இன்னுங் கொஞ்ச தூரந்தானே. அப்படியே போயி அம்மணியைப் பார்த்துப்போட்டு வந்துருங்க. நான் தோட்டத்துக்கு வெளியவே நின்னுக்கறேன்" என்றார்.

பாட்டிலைப் பார்த்தேன். சீக்காளிக்குத் தொங்குகிற மாதிரி தொங்குகிறது. அதோடு போய் அந்த வாசலில் நின்றால் அவர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்ப்பார்கள். தெய்வசிகாமணி சிரிப்பான்.

"ஊத்து. திரும்பிப் போலாம்" என்றேன்.

சாதிக் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டிலை நிரப்பினார். காங்கயம் வரும் வரைக்கும் மடியில் கேனை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுபடி டேங்குக்கு லைனைக் கொடுத்து, ஊதியூருக்கே அவரைக் கூட்டிப்போனேன். புளியமரத்தடியில் வழக்கப்படி நின்றது. அவர் பானட்டுப் பக்கமே போகவில்லை. பின்னால் போனார். "சாவி குடுங்க" என்றார். அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது பாருங்க, நான் நான்கடி தள்ளி நிற்கிறேன், எனக்குக் கேட்டது. யாரோ நெடுநாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை இழுத்த மாதிரி.

"இதுதானுங்க கோளாறு. பெட்ரோலு வெளிய போகப் போக டேங்குக்குள்ள காத்து போகோணும். மூடியில ஓட்டை இல்லை. கொஞ்ச தூரம் ஓடுனதும் உள்ள இறுகிக்குது, பம்பு இழுத்தாலும் வர்றதில்லை. நிறுத்துனா எப்படியோ கசிஞ்சு கொஞ்சங் காத்து போகுது, திரும்பக் கிளம்புது" என்றார். மூடியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆருங்க இதை அடைச்சது?"

"லேத்துக்காரன்" என்றேன்.

அந்த லேத்துக்காரன் பட்டறைக்கு நேராகப் போய் நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நீங்கதானுங்க அடைக்கச் சொன்னீங்க என்கிறான். நான் சொன்னால்? எனக்குப் படிப்பு இல்லை, மாட்டுக்காரன், நான் ஆயிரம் சொல்வேன். லேத்து வைத்திருக்கிறவனுக்கு அறிவு வேண்டாமா? அவன் ஒரு வார்த்தை, இப்படி அடைத்தால் வண்டி ஓடாது என்று சொல்லியிருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்குமா? என் குடும்பத்தைக் கெடுத்தது அந்த மூடியைக் கடைந்தவன். இன்றைக்கும் அவன் பட்டறை வழியாக நான் போவதில்லை.

மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவாசை போகட்டும், வளர்பிறையில் போகலாம் என்று வண்டியைக் கழுவி, சீட்டுக்கு உறை மாற்றி வைத்திருந்தேன். பால் வண்டிக்காரன் வந்தான். இறங்கவே இல்லை, வண்டியில் இருந்தபடியே சொன்னான். தெய்வசிகாமணி தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் வாய்க்காலில் விழுந்து கிடந்தானாம். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தேடியிருக்கிறார்கள், அதற்குள் முடிந்துவிட்டது.

போனேன். அன்றைக்கு இந்த வண்டி எங்கேயும் நிற்கவில்லை தம்பி. ஊதியூர் எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. நிற்கட்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே உட்கார்ந்திருக்கிறது. நான் இறங்கினதும் பேச்சு அடங்கியது. எல்லாருக்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது. சாப்பாட்டில் கையைக் கழுவின விஷயம். ருக்மணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் குழந்தை. என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி பார்த்தாள். பந்தலில் இருந்தவர்களும் என் வாயையே பார்க்கிறார்கள்.

எனக்கு எல்லாம் நெஞ்சுவரைக்கும் வந்தது. பம்பு, கிழிசல், ஆயில் வாடை, எல்லாம் வரிசையாக வந்தது.

"வண்டி சரியாயிருச்சு. இப்ப நிக்கறதில்லை" என்றேன்.

"அப்படிங்களா" என்றாள்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு அப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. காரியத்துக்குப் போனேன், தண்ணீர் சொம்பை முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தம்பி பெண்டாட்டியும் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள், அங்கேயே இருந்துவிட்டாள். ஊரில் அப்படித்தான் சொல்கிறேன். அதுவும் உண்மைதானே.

யோசித்துப் பார்த்தேன், அவளுக்கு இந்த வண்டிதான் ஆகவில்லை. வேறு என்ன இருக்கும்? வாசலில் இது நிற்கிற வரைக்கும் அவளுக்கு அந்த ஞாபகம் வரும். விற்றுவிட்டால் வந்துவிடுவாள். அதனால்தான் விற்கிறேன். வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை, பாருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா? கேளுங்க அந்தச் சத்தத்தை. சோக்கே வேண்டாம்.

சொன்னால் தப்பாக நினைக்காதீங்க, நேற்று ஈரோட்டுக்காரர் ஒருவர் நீங்கள் போனில் சொன்ன விலைக்கு மேலே கொடுக்கிறேன் என்றார். எல்லாப் புரோக்கரும் சொல்கிற பொய் என்று நினைப்பீங்க. அவர் நம்பர் தருகிறேன், கூப்பிட்டுக் கேளுங்க. அவரை அனுப்பிவிட்டேன். நீங்க உடுமலை என்று போனில் சொன்னீங்க இல்லையா, அதனால்தான். உடுமலைக்குப் போகிறவர் கரட்டுப்பாளையத்தைத் தாண்டித்தானே போகணும்.

ஒரு உதவி. ரோட்டு மேலேயே தோட்டம். முன்னால் இரண்டு வேப்பமரம், ஓட்டு வீடு. அங்கே நிறுத்துங்க. தண்ணீர் வேண்டும் என்று கேளுங்க, ரேடியேட்டருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அவள்தான் கொண்டுவருவாள். வண்டியைப் பார்த்ததும் நிற்பாள். அப்போது நீங்க பேச்சுவாக்கில் சொல்லுங்க. இந்த வண்டியை வாங்கினேன் அம்மணி, மெக்கானிக் ஒருவர் சொன்னார், இதில் பம்பு கிழிந்து பெட்ரோல் எல்லாம் ஆயிலில் போய்க்கொண்டிருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். இவ்வளவுதான். மெக்கானிக் சொன்னார் என்று சொல்லுங்க. நான் சொன்னதாக வேண்டாம்.

இதற்காக விலையில் குறைத்துக்கொள்கிறேன். எவ்வளவு குறைக்கணும்? நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் மறுத்துப் பேசவில்லை.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீங்க?

நானும் ஏறிக்கொள்வதா? முன்சீட்டிலா?

இல்லீங்க. விற்ற வண்டியில் விற்றவன் ஏறக் கூடாது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு முறை. மாடு கைமாறினால் சந்தை வாசல் வரைக்கும்கூடக் கூட நடக்கமாட்டோம், கயிற்றைக் கொடுத்ததும் திரும்பிக்கொள்ளணும். இல்லை, சும்மா சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. நீங்க கூப்பிட்டது பெரிய மனசு. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

சாவி இந்தாங்க. இது மூடிச் சாவி, தனியாக வைத்துக்கொள்ளுங்க.

அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருவேளை கேட்டால், கேட்டால்தான் சொல்கிறேன், அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்க. இப்போதெல்லாம் எங்கேயும் போகிறதில்லை, எந்நேரம் வந்தாலும் ஆள் இருப்பார் என்று சொல்லுங்க.